கதவுக்கு அடியில் போன ஜரிகை

பழைய மாயாஜாலப் படத்தை இப்போது போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்தக் கேள்விக்கு எழுபதுகளிலேயே, கொட்டகை நிறைய இருந்த ஜனங்களுக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொன்னவள் நான். மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன். போகவில்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுத முடிகிறது.

நான் தென்னேரிப் பெண். ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டில் ஒரு தறியும், ஏரித் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் நிலமும் இருந்தன. கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தேன். வந்த வீட்டில் எல்லோரும் வேலையில் கெட்டிக்காரர்கள், பேச்சில் மகா கஞ்சர்கள். கணவர் தறியில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை வாயைத் திறக்க மாட்டார். கூப்பிட்ட பிறகும் 'ம்' என்பதோடு சரி. மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பேசிக்கொண்டே செய்கிற வேலை உருப்படாது என்பது அவர் கட்சி. நாத்தனார் நன்றாகப் பேசுவாள், ஆனால் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த பெண் என்னோடு எதைப் பேசுவாள்? எனக்கோ நாலு வார்த்தை பேசாவிட்டால் சோறு இறங்காது. முதல் மாதம் மாட்டோடு பேசினேன். அதுவாவது தலையை ஆட்டியது.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து செய்கிற வேலை ஒன்று உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும் சமயத்தில், அதன் முனையில் நிற்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு விரலால் முறுக்கிவிட வேண்டும். பாவு பிணைப்பது என்போம். ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணை எடுக்க முடியாது, விரல் ஓய முடியாது. வாயும் காதும் மட்டும் வேலையில்லாமல் கிடக்கும். ஒரு நாள் அப்படிச் சும்மா கிடந்த வாயை நான் திறந்தேன்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது ஒரு படம் பாத்தேன். சொல்லட்டுமா?"

அத்தை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிறவர். அவருக்குக் கதை என்றால் உயிர். "செப்பு செப்பு, இன்னா படம்?" என்று என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அத்தையால் அந்த அக்காவை அதட்ட முடியாது. எங்கள் வீட்டுப் பாவை முடித்துக் கொடுக்க வந்தவர் அவர்.

படம் நான் பார்த்தது வாலாஜாபாத் போகிற வழியில் போட்டிருந்த டெண்ட் கொட்டகையில். அப்போதே அது பழைய படம். மணலைக் குவித்து, மேட்டில் உட்கார்ந்து, அம்மா மடியில் சாய்ந்து பார்த்தேன். கதை இதுதான். ஒரு ராஜாவுக்கு ஒரே மகள். மந்திரவாதி ஒருவன் அவளைப் பெண் கேட்டு வருகிறான். ராஜா முடியாது என்றதும், அரண்மனைக் குளத்தில் தெரிந்த இளவரசியின் நிழலைத் திருடிக்கொள்கிறான். அவள் குளத்தங்கரையை விட்டு நடந்து போவாள். தண்ணீரில் அவள் உருவம் மட்டும் போகாமல் அங்கேயே நிற்கும். அந்த நிழலை அவன் எங்கே கொண்டுபோனாலும் அவளும் பின்னாலேயே போயாக வேண்டும். அவன் கொண்டுபோன இடம் ஏழு கதவு போட்ட மலைக்குகை. அவளை மீட்க ஒரு குயவன் மகன் கிளம்புகிறான். கதவுக்குக் கதவு ஒரு காவல்.

ஐந்து கதவைத் தாண்டியவன் ஆறாவதில் மாட்டிக்கொள்வான். உள்ளே ஒரே இருட்டு, எங்கே பார்த்தாலும் வழி. தப்பான வழியில் காலை வைத்தால் பாதாளக் கிணறு. ஏழாவது கதவுக்குப் பின்னால் இருக்கிற இளவரசிக்கு அவன் காலடிச் சத்தம் கேட்கும். அவள் கத்தினால் மந்திரவாதி விழித்துக்கொள்வான். அதனால் தன் புடவையிலிருந்து இழையை உருவிக் கதவுக்கு அடியில் விடுவாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் வந்து சேருவான்.

இந்த இடத்துக்கு வந்ததும் பாவில் இருந்த எல்லோர் விரலும் நின்றுவிட்டது.

"இழைய உருவினா பொடவ இன்னாத்துக்கு ஆவும்? அவ மானம் போயிடாது?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நெசவு வீட்டுப் பெண்களிடம் புடவைக் கதை சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொடவைய இல்லக்கா, முந்தில இருந்த ஜரிகைய மட்டும் உருவுனா" என்றேன். சொன்னதும் எனக்கே அந்தக் காட்சி பளிச்சென்று தெரிந்தது. இருட்டில் அந்த ஜரிகை ஊர்ந்து வருகிறது. குயவன் மகன் கையிலுள்ள தீவட்டி வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. அடுத்த முறை வேறொருத்தி, "கையால உருவுனா அறுந்துடுமே?" என்றாள். "எச்சித் தொட்டு எச்சித் தொட்டு மெதுவா உருவுனா" என்றேன். இன்னொருத்தி, "கதவுக்கு அந்தாண்ட போற அளவுக்கு நீளம் வருமா?" என்றாள். "அரமனைப் பொடவம்மா, முந்தியே மூணு மொழம்" என்றேன். அவர்கள் கேட்கக் கேட்க எனக்கு ஞாபகம் வருகிறது என்றுதான் நான் மனசார நம்பினேன்.

கதை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் பாவு பிணைப்பது என்றால் கூப்பிடாமலே ஆள் வந்தது. மற்ற வீட்டில் பிணைத்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். ஆறாவது கதவை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேலை சுருக்க முடிந்ததை அத்தை பார்த்தார். பாராட்டவில்லை. ஆனால் ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, தலை நிமிராமலே "ம், அப்பறம்?" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நகை நட்டெல்லாம் அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது, தறி கணவருடையது, சமையலறை அத்தையுடையது. எனக்கென்று இருந்தது அந்தக் கதை ஒன்றுதான்.

நாத்தனாருக்கு மட்டும் கேலி. உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுப்பாள். "அண்ணி, அதெல்லாம் சுத்த கப்சா. கயிறு கட்டித் தூக்குவாங்க. இப்ப கலர் படம் பாத்துட்டு அதப் போயி பாத்தா தலைவலிதான் வரும்." ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நான் பதிலுக்கு, "அந்தப் படம் மட்டும் இங்க வரட்டும், நீயே வாயப் பொளந்துக்கினு பாக்கப்போற" என்று சவால் விட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

வந்தே விட்டது. ஒரு நாள் காலையில் பெருமாள் கோயில் பக்கமிருந்து கொட்டகை வண்டி வந்தது. இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். நோட்டீசை எடுத்துப் பார்த்தால், ஏழு கதவு போட்ட அதே குகை! அமாவாசையன்று காலையில் தனிக் காட்சி என்று போட்டிருந்தது. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்றைக்குத்தான் நெசவு வீடுகள் முழுசாக வெளியே வரும். கொட்டகைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தெருவே என்னைப் பிடித்துக்கொண்டது. "உன் படம் வருதும்மா" என்றார்கள். என் படம் என்றே சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாத்தனார் அத்தையிடம், "இப்ப தெரிஞ்சிடும் பாரும்மா, அண்ணி எவ்ளோ அளந்து விட்டாங்கன்னு" என்றாள். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"படம் நீ சொன்ன மாரி இருந்தா சரி. இல்லன்னு வெச்சிக்க, அப்பறம் பாவுல குந்தும்போது வாயத் தொறக்கக் கூடாது. பொய் சொல்லிக்கினு இருக்கறவ எங்கூட்ல வோணாம். இன்னா?"

"சரி அத்த" என்றேன். அப்போது எனக்குத் துளிக்கூடப் பயமில்லை. பார்த்த படம்தானே?

அமாவாசையன்று தெருப் பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினோம். ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். கொட்டகையில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் இடுப்புயரச் சுவர். நான் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் நாத்தனார். கல்யாணப் பெண்ணைப் போல என்னை நடுவில் உட்கார வைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

படம் ஆரம்பித்தது. திரையில் மழை பெய்தது. அதாவது ரீல் அவ்வளவு கீறல். ராஜாவின் கிரீடம் அட்டை என்பது பின்வரிசைக்கே தெரிந்தது. கதாநாயகனுக்கு என் ஞாபகத்தில் இல்லாத தொப்பை. மந்திரவாதி ஆகாயத்தில் பறந்தபோது அவன் இடுப்பிலிருந்து கயிறு மேலே போனது. "கயிறு கயிறு!" என்று ஆண்கள் பக்கத்தில் கத்தினார்கள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நாத்தனார் என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. சின்ன வயதில் இந்தக் கயிறு எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்புறம் அந்தக் குளம் வந்தது.

இளவரசி குளத்துப் படியில் நின்று குனிந்து பார்க்கிறாள். தண்ணீரில் அவள் முகம். திரும்பி நடக்கிறாள். தண்ணீரில் இருந்தவள் நடக்கவில்லை. அங்கேயே நின்று, போகிறவளின் முதுகை நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பின்னணியில் சங்கீதம்கூட இல்லை. சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை கப்சிப்பென்று ஆனது. முன்னால் ஒரு குழந்தை, "அம்மா, அவ போவல பாரு" என்று மெல்லிய குரலில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் எத்தனையோ முறை சொல்லியும் அந்த நிழலின் பார்வையை மட்டும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. படம் அதை என்னைவிட நன்றாகச் சொன்னது. அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பெருமையாகவும் இருந்தது. பழைய படம், அட்டைக் கிரீடம், கயிறு எல்லாம் இருந்துகொண்டேதான் அது எங்களைப் பிடித்து உட்கார வைத்தது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. முதல் கதவு, இரண்டாவது கதவு என்று ஒவ்வொன்றும் திறக்கத் திறக்க, ஆண்கள் பக்கம் விசில். நாலாவது கதவில் பூதம் சிரித்ததற்குக் குழந்தைகள் அலறி மடியில் ஏறிக்கொண்டார்கள். நாத்தனார் முன்பெஞ்சின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கதவும் திறந்தது.

ஆறாவது கதவுக்குள் குயவன் மகன் நுழைந்தான். ஒரே இருட்டு, எங்கே பார்த்தாலும் வழி. எங்கள் பெஞ்சு மொத்தமும் முன்னால் சாய்ந்தது. இளவரசியைக் காட்டினார்கள். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அழுகைப் பாட்டு. பாட்டு முடிந்தது. முந்தியைத் தொடப்போகிறாள் என்று நான் பார்த்தேன். தொட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, எங்கிருந்தோ ஒரு ஆந்தை வந்து குயவன் மகனின் தோளில் உட்கார்ந்தது. பஞ்சடைத்த ஆந்தை. அது வாயைத் திறந்து, "மகனே, இடப்பக்கம் போ" என்றது.

அந்த ஆந்தையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு டெண்ட் கொட்டகை முழுசாக ஞாபகம் வந்தது. அம்மா என் முதுகைத் தட்டியது, "எந்திரி, எந்திரி, கடைசிக் கதவத் தொறக்கறான் பாரு" என்றது, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. எழுந்தேன் என்றால் தூங்கியிருக்கிறேன். ஆறாவது கதவில் அந்த இருட்டுக்குப் பிறகு எதையும் நான் பார்க்கவே இல்லை. ஜரிகை, முந்தி, எச்சில், தீவட்டி, அத்தனையும் என் கைச்சரக்கு. அத்தை பக்கம் திரும்பத் தைரியமில்லை. இனி ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு இழையை முறுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெஞ்சு சடாரென்று ஆடியது. எழுந்தது நாத்தனார்.

"ஏய் ஆப்பரேட்டர்! சீன் எங்கய்யா? ரீல கட் பண்ணிட்டியா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் இத்தனை நாளாகப் படித்தது பாடம் இல்லை. ஒரு வார்த்தை விடாமல் என் கதையைக் கேட்டிருக்கிறாள். அந்த ஜரிகைக்காகத்தான் அவளும் காத்திருந்திருக்கிறாள்.

அவள் குரல் அடங்குவதற்குள் எங்கள் தெருவே எழுந்துகொண்டது. "ஜரிகைய உருவற சீன் எங்க?" "வெட்டிட்டான்! வெட்டிட்டான்!" ஆண்கள் பக்கத்திலிருந்தும் அதே கூச்சல். அவர்களில் பாதிப் பேருக்குப் பெண்டாட்டி மூலமாகக் கதை போயிருந்தது. மீதிப் பேருக்கு எதுவும் தெரியாது. வெட்டிவிட்டார்கள் என்றதும் வயிறெரிந்து கத்தினார்கள். பழைய படமென்றால் ஊர் ஊராகச் சுற்றி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வெட்டுப்பட்டுத்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. விளக்கைப் போட்டார்கள். படம் நின்றது.

மானேஜர் பாய் ஓடிவந்தார். தலையில் வெள்ளைக் குல்லா, கையில் சாவிக்கொத்து. நல்ல மனிதர். அமாவாசைக்கு வருகிற பெண்களை 'வாங்கம்மா' என்று வாசலில் நின்று கூப்பிடுகிறவர்.

"அம்மா, அல்லா மேல ஆணையா சொல்றேன், பொட்டில வந்த ரீலு அத்தினியும் ஓட்டறோம். ஒரு அடிகூட வெட்டல."

"சும்மா சொல்லாதீங்க பாய்" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணி இந்தப் படத்த முழுசா பாத்துருக்காங்க. அவங்களயே கேளுங்க."

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவரும் எழுந்து நிற்பது தெரிந்தது. எழுந்தேன். தூங்கிப்போய்விட்டேன், அப்படி ஒரு காட்சி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் கண்ணெதிரே அந்த வெள்ளைத் திரை. சற்று முன்னால் அதில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவளை நினைத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய மலையைக் கட்டினார்கள், ஏழு கதவு போட்டார்கள், பூதத்துக்குப் பல் வைத்தார்கள், ஆந்தைக்குக்கூட ஒரு வேலை கொடுத்தார்கள். உள்ளே இருந்தவளுக்கு மட்டும் அழுவதைத் தவிர ஒரு வேலையும் கொடுக்கவில்லை. இது நியாயமா? எங்கள் தெருவில் எந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? நான் பார்த்தேனா இல்லையா என்பது அப்புறம். அந்தக் காட்சி இருந்தாக வேண்டும்.

"அந்த எடத்துல அவ அழுவ மாட்டா" என்றேன். குரல் முதலில் கம்மியது. "காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணத் தொடச்சிக்குவா. கத்த முடியாது, கத்துனா அந்தப் பாவி முழிச்சிக்குவான். முந்திய எடுத்து மடில வெச்சிக்குவா. எச்சித் தொட்டு, ஓரத்துலேர்ந்து ஒரு ஜரிகைய நகத்தால எடுப்பா..."

அதற்குப் பிறகு குரல் கம்மவில்லை. பாவில் சொல்வதைப்போலவே சொன்னேன். ஜரிகை ஒருமுறை அறுந்துபோவது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மறுபடி முறுக்குவது, கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கைக் கையால் தடவிக் கண்டுபிடிப்பது, விரல் நுனியில் ரத்தம் கட்டுவது, எல்லாம் சொன்னேன். இருட்டில் தடுமாறியவன் காலில் ஏதோ மெல்லிசாகப் பட, குனிந்து தீவட்டியைக் காட்டி, பாம்பு என்று முதலில் பயந்து, பிறகு அது மினுங்குவதைப் பார்க்கிறான் என்று சொன்னபோது ஆண்கள் பக்கத்தில் ஒரு விசில் கிளம்பியது. அடித்தவனை ஒருவர் அதட்டி உட்கார வைத்தார். இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எத்தனையாவது முறை கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது. மேலே ஆப்பரேட்டர், ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எனக்காக யாரும் அதுவரை கைதட்டியதில்லை. கண் நிறைந்துவிட்டது.

மானேஜர் பாய் சாவிக்கொத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "இத வெட்டுனவன் மனுசனே இல்லம்மா" என்றார். "மெட்ராஸ்ல கேக்கறேன். அவங்கள உடமாட்டேன். இப்ப ரீலு ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்க" என்றேன். ராணி மாதிரி சொன்னேன் என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

விளக்கு அணைந்தது. ஏழாவது கதவு திறந்தது. அதை நான் விழித்திருந்துதான் பார்த்தேன், டெண்ட் கொட்டகையிலும் இங்கேயும். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் இளவரசி நடந்து வர, தரையில் அவள் நிழல் ஓடிவந்து அவள் காலில் ஒட்டிக்கொள்ளும். கொட்டகை முழுக்கக் கத்தித் தீர்த்தது. எனக்கு ஒன்று தோன்றியது: ஜரிகையைக் கேட்ட பிறகு இந்தக் காட்சி பழையதைவிட நன்றாக இருந்தது. அவள் சும்மா காத்திருந்து வெளியே வரவில்லை. தானே வழி செய்துகொண்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடப் பார்த்தது பக்கத்து வீட்டு அக்காதான். கெட்ட எண்ணம் கிடையாது. நெசவுக் கண், வேறென்ன பார்க்கும்? "ஏம்மா," என்று என் காதோரம் குனிந்து கேட்டார், "முந்தி முழுசா இருக்குதே?"

திரையில் இளவரசியின் முந்தி கெட்டியாக, ஒரு குறையுமில்லாமல் காற்றில் ஆடியது. முன்பெஞ்சில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"ஜரிகையத்தானே உருவுனா? பட்டு இருக்குமில்ல? முந்தி எங்க போவும்? பேசாம படத்தப் பாரு."

அந்தப் பேச்சோடு அது முடிந்தது. பாவு, புடவை விஷயத்தில் எங்கள் தெருவில் அத்தைக்கு மேல் ஆள் கிடையாது. நான் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது பெருமாள் கோயில் மதிலோரம் நடந்து வந்தோம். நாத்தனார் என்னைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினாள். "அண்ணி, நெஜமாவே அந்த சீன் இருந்துதா?"

"நீ இன்னா நெனைக்கற?"

அவள் யோசித்தாள். "இருந்துதுன்னுதான் நெனைக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் கையைக் கோத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் உள்ளறையில் உட்கார்ந்து படித்ததில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இருக்கிற இடத்துக்கே வந்துவிடுவாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தை மட்டும் பொதுவாக, யாரிடமும் இல்லாமல், "அந்த ஆந்த நல்லா இல்ல" என்றார். படத்தைப் பற்றி அவர் சொன்ன குறை அது ஒன்றுதான். மறுநாள் பாவு பிணைக்க உட்கார்ந்ததும் சாம்பல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "ஆரம்பி" என்றார். நான் ஆரம்பித்தேன்.

ஆனால் அந்தக் கொட்டகைக்கு நிம்மதி போய்விட்டது. நல்ல காட்சியை வெட்டிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பரவியது. வெட்டியதைக் கண்டுபிடிக்கவே ஜனங்கள் வந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் ஆந்தை தலையைக் காட்டியதும், "வெட்டிட்டான்!" என்று கத்தினார்கள். கத்துவதற்காகவே மறுபடி வந்தவர்களும் உண்டு. பாவம் மானேஜர் பாய், வாசலில் 'முழுப் படம், வெட்டு இல்லை' என்று பலகை எழுதி வைத்தார். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள். புதுக் கலர் படம் ஒன்றைத் தள்ளிப் போட்டுவிட்டு இதையே ஓட்டினார்கள்.

சில வருஷம் கழித்து, தென்னேரிக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கூரம் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், தூங்காமல் அடம் பிடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு கதவு, குளம், நிழல். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஆறாவது கதவு வந்தது. இளவரசி முந்தியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எச்சில் தொட்டாள்.

"இது இன்னா கதம்மா?" என்று கேட்டேன்.

"கத இல்லக்கா, படம். நீ பாத்ததில்ல? இந்த எடத்துல எனக்கு அழுவையே வந்துடிச்சி."

"இந்த சீன நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்" என்றாள். கொஞ்சம் கோபத்தோடுகூடச் சொன்னாள். "பாக்காமயா சொல்றேன்? ஜரிகை பாதி வழியிலயே தீந்துபோயிடும். கதவுக்கு இந்தாண்ட இன்னும் ரெண்டு மொழம் பாக்கி. அவ இன்னா செஞ்சா தெரியுமா? தலமுடிய அவுத்து, ஒண்ணொண்ணாப் பிச்சி, ஜரிகையோட முடி போட்டு உட்டா."

முடி! இது எனக்குத் தோன்றவே இல்லையே. பொறாமையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "அப்பறம்?" என்றேன். அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். தென்னேரி பஸ் வந்து போய்விட்டது.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் பாவு. எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். கேட்டார்கள், சொன்னேன். ஆறாவது கதவுக்கு வந்ததும், ஜரிகை பாதி வழியில் தீர்ந்துபோகிறது என்றேன். விரல்கள் நின்றன. இளவரசி தலைமுடியை அவிழ்த்தாள் என்றேன்.

"இது நம்ம கொட்டாயில வரலியே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் பதில் சொல்வதற்குள், அத்தை சாம்பலைத் தொட்டு அடுத்த இழையை எடுத்தார். தலையை நிமிர்த்தவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக ஆடியது.

"அதையும் வெட்டிட்டானா, படுபாவி" என்றார். "ம், அப்பறம்?"